வாளேந்தியவர் கூறும் அமைதிப் பாடம்

போர் வேண்டாம் என்று துறவி கூறினால் உலகம் வணங்கிவிட்டுத் தன் வழியே போய்விடும். தாய் கூறினால், பெற்ற மனம் அப்படித்தான் பேசும் என்று சொல்லிவிடும். படை நடத்தியவரும், பதக்கம் பெற்றவரும், போர்க்கப்பலின் தளத்தில் நின்று ஆணையிட்டவரும் அதையே கூறும்போது உலகம் சற்றே நின்று கேட்கிறது. இவ்விதழின் பாடமாக அத்தகைய சிலருடைய சொல்லையும் வாழ்வையும் எடுத்துக்கொள்வோம். அவர்கள் பேசியது யாது, ஓய்வுக்குப் பின்னரே பேசியது ஏன், இல்லறத்தாராகிய நாம் அதனின்று கொள்ள வேண்டுவது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. அமைச்சர்கள் சொன்ன சொல்

நம் இல்லங்களில் ஸ்ரீபுராணம் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பரதன், பாகுபலி வரலாறு புதிதன்று. ஆயினும் அதில் ஓரிடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். ஆறு கண்டங்களையும் வென்று திரும்பிய பரதனுடைய சக்கரம் அயோத்தியின் வாயிலில் நின்றுவிடுகிறது. தம்பியர் இன்னும் பணியவில்லை என்பதே அதன் பொருள். தொண்ணூற்றெண்மர் துறவு பூணுகின்றனர். போதனபுரத்துப் பாகுபலி மட்டும் பணியவும் இல்லை, விலகவும் இல்லை. இரு படைகளும் களத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

அப்போது இரு பக்கத்து அமைச்சர்களும் கூடிப் பேசுகின்றனர். அவர்கள் கூறிய காரணம் மிக நுட்பமானது. அரசர் இருவரும் இப்பிறவியிலேயே வீடுபேறு அடையும் சரம சரீரம் உடையவர்கள். ஆதலால் போரில் அவர்களுக்கு அழிவில்லை. அழியப்போகிறவர்கள் படைவீரர்களே. ஆகவே அரசர் இருவருமே தமக்குள் வலிமையைச் சோதித்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் என்னும் மூன்றிலும் பாகுபலி வென்றார். தோற்ற பரதன் ஏவிய சக்கரமும் அவரை வலம் வந்து நின்றது. வென்ற அக்கணத்திலேயே அவர் அரசைத் துறந்தார்.

போரை முடிவு செய்கிறவர் வேறு, போரில் மடிகிறவர் வேறு. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் புராணம் கண்டு சொன்ன உண்மை இது. இந்த உண்மையை மற்ற எவரினும் நன்கு அறிந்தவர்கள் படைத்தலைவர்கள். ஏனெனில் முடிவு செய்கிறவரின் ஆணையைப் பெற்று, மடியப்போகிறவரிடம் கொண்டுசேர்க்கும் இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தாம்.

சிரவணபெளகுளத்தில் பாகுபலியின் பேருருவத்தை எழுப்பியவரும் ஒரு படைத்தலைவரே. கங்க மன்னர்களின் அமைச்சராகவும் சேனாபதியாகவும் விளங்கிய சாவுண்டராயர் பல போர்களில் வென்றவர். ஆசாரியர் நேமிசந்திரரின் மாணவர். அவர் போர்த்தொழிலைத் துறந்தார் என்று நான் கூறவில்லை. ஆயினும் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் விந்தியகிரியின் உச்சியில் நிறுத்துவதற்கு அவர் தேர்ந்த உருவம், சக்கரம் ஏந்திய சக்கரவர்த்தியின் உருவமன்று. வென்றும் அவ்வெற்றியைக் கையிலிருந்து நழுவவிட்டவரின் உருவம் அது. ஒரு சேனாபதியின் உள்ளம் எதை உயர்ந்ததாகக் கருதியது என்பதற்கு அக்கல்லே சான்று.

2. கடற்படைத் தலைவர் ஒருவர்

இனி நம் காலத்திற்கு வருவோம். அட்மிரல் இலட்சுமிநாராயண் ராம்தாஸ் 1933ஆம் ஆண்டு பம்பாய் மாதுங்காவில் பிறந்தவர். 1971ஆம் ஆண்டுப் போரில் ‘பியாஸ்’ என்னும் போர்க்கப்பலின் தலைவராக இருந்து, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்த கிழக்குக் கடற்படைப் பிரிவில் பணியாற்றினார். அதற்காக வீர சக்கர விருது பெற்றார். 1990 நவம்பர் இறுதியில் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாகி, 1993 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். மருத்துவப் பிரிவு அல்லாத பிற பிரிவுகளிலும் பெண்கள் கடற்படை அதிகாரிகளாகச் சேரும் வாயில் திறந்தது அவர் காலத்தில்தான். அவருடைய மாமனார் அட்மிரல் கட்டாரி நம் செங்கற்பட்டில் பிறந்தவர். 1958இல் கடற்படைத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர்.

இத்தகைய குடும்பத்தவர், இத்தகைய பதவி வகித்தவர், ஓய்வுக்குப் பின் மகாராட்டிரத்தில் அலிபாகிற்கு அருகே ஒரு சிற்றூரில் உழவராக வாழ்ந்தார். அங்கிருந்துகொண்டே, 1994இல் தோன்றிய பாகிஸ்தான் இந்திய மக்கள் மன்றத்தில் பங்கேற்று முன்னணியில் நின்றார். அமைதிக்கும் மக்களாட்சிக்குமென இரு நாட்டுக் குடிமக்களும் கூடி அமைத்த மன்றம் அது. எந்த நாட்டின் கப்பல்களை 1971இல் எதிர்த்தாரோ, அந்த நாட்டின் மக்களோடு ஒரே மேடையில் அமர்ந்தார். 1998இல் பொக்ரானிலும், அதனைத் தொடர்ந்து பாகிஸ்தானின் சாகாய் மலையிலும் அணுகுண்டுகள் வெடித்துச் சோதிக்கப்பட்டபோது, நாடெங்கும் எழுந்த ஆரவாரத்திற்கு நடுவே அணு ஆயுதம் வேண்டாம் என்று கூறிய சிலருள் அவரும் ஒருவர். அவரைச் சாடியவர்கள் பலர். ஆனால் அவருக்குப் போர் தெரியாது என்று மட்டும் எவராலும் கூற முடியவில்லை.

2004ஆம் ஆண்டு அமைதிக்கான மகசேசே விருது அவருக்கும், பாகிஸ்தானின் இதழாளரும் மனித உரிமைப் பணியாளருமான ஐ.ஏ. ரஹ்மானுக்கும் இணைத்து வழங்கப்பெற்றது. எல்லையின் இரு புறத்தார்க்கும் ஒரே விருது.

2019ஆம் ஆண்டு புல்வாமா தாக்குதலையும் அதன் பின் நிகழ்ந்த வான்தாக்குதலையும் தேர்தல் மேடைகளில் சிலர் பயன்படுத்தியபோது, எண்பத்தைந்து வயதில் அவர் தேர்தல் ஆணையத்திற்குக் கடிதம் எழுதினார். படைவீரரின் உயிர்த்தியாகம் வாக்குக் கேட்கும் கருவியாகக் கூடாது என்பது அதன் சாரம். அவ்வாண்டு மார்ச்சில், படைவீரர் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று கட்சிகளுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. அட்மிரல் 2024 மார்ச் 15ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார்.

3. 2025 மே மாதத்தில் கேட்ட குரல்

2025 ஏப்ரல் 22ஆம் நாள் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. அதனைத் தொடர்ந்து மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டன. சண்டை நின்ற மறுநாள், ஏன் நிறுத்தினார்கள் என்று நாட்டில் பலர் சினந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, புனேயில் ஒரு கூட்டத்தில் ஜெனரல் மனோஜ் நரவணே பேசினார். 2019 இறுதி முதல் 2022 ஏப்ரல் வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்.

போர் என்பது திரைப்படக் காட்சியன்று என்று அவர் கூறினார். எல்லையோரச் சிற்றூர்களில் குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில் பதுங்குமிடம் நோக்கி ஓடும் குழந்தைகளின் மனத்தில் அவ்வச்சம் நெடுநாள் தங்கும் என்றார். ஆணை வந்தால் போருக்குச் செல்வேன், ஆனால் என் முதல் விருப்பம் பேச்சுவார்த்தையே என்பது அவர் கூற்றின் சாரம்.

இவர் படையை வெறுத்தவர் அல்லர். பகைவனுக்கு அஞ்சியவரும் அல்லர். ஆணைக்குக் கீழ்ப்படிவேன் என்றும், அந்த ஆணை வராதிருப்பதே நன்று என்றும் ஒரே மூச்சில் கூறுகிறார். இவ்விரண்டும் முரண் என்று தோன்றுபவர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டும். அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர், மருந்தால் தீருமாயின் கத்தி வேண்டாம் என்று கூறுவதில் முரண் உண்டோ?

4. புதுவைக்கு அண்மையான ஒரு வரலாறு

நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தியடிகள் சிலைக்கு எதிரே ஒரு போர் நினைவுச் சின்னம் உள்ளது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மடிந்த பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938இல் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் அங்கு மலரஞ்சலி நிகழும். ‘சொல்தா’ என்று நம் ஊரார் அழைக்கும் பிரெஞ்சுப் படையின் ஓய்வூதியர்களை நாம் யாவரும் அறிவோம். அவர்களுள் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணிபுரிந்து வந்தவர்கள் உண்டு. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் அக்குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் பயின்றனர். பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தந்தையரிடம் போர்க்களத்தைப் பற்றிக் கேட்டால், பிரெஞ்சு நாட்டுக் குளிரைப் பற்றியும் உணவைப் பற்றியும் விரிவாகக் கூறுவார்கள். களத்தைப் பற்றி மட்டும் கூறமாட்டார்கள்.

அந்த அல்ஜீரியப் போரில்தான் ஒரு தளபதி வாய் திறந்தார். ஜெனரல் ஜாக் பாரி தெ பொலார்தியேர் என்பது அவர் பெயர். 1940இல் ஜெர்மனியிடம் பிரான்சு வீழ்ந்தபோது, தெ கோல் பக்கம் சேர்ந்து போரைத் தொடர்ந்தவர். அதே ஆண்டு நம் புதுச்சேரியும் அந்தப் பக்கமே சேர்ந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் காயமுற்றார். பிரான்சின் விடுதலைக்கு உழைத்தவர்களுக்குரிய உயர்ந்த விருதையும் பெற்றார்.

1957ஆம் ஆண்டு, அல்ஜீரியாவில் பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்து செய்தி பெறும் முறை பரவியபோது, அதற்கு உடன்பட மறுத்துத் தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோரினார். தம் கருத்தை வெளிப்படையான கடிதமாகவும் எழுதினார். அதற்குத் தண்டனையாக அறுபது நாள் கோட்டைக் காவலில் வைக்கப்பட்டார். 1961இல் படையை விட்டு விலகினார். பின்னர் அறவழிப் போராட்டத்தில் ஈடுபட்டு, 1973இல் தென் பசிபிக் கடலில் முருரோவா தீவருகே பிரான்சு நடத்திய அணுகுண்டுச் சோதனையை எதிர்த்துச் சிறு பாய்க்கப்பலில் சென்றார். அவரைக் கைது செய்தது பிரெஞ்சுக் கடற்படையே.

5. அணுகுண்டின் காவலர்

அமெரிக்க ஜெனரல் லீ பட்லர் 1994இல் ஓய்வு பெறும்வரை அந்நாட்டின் அணு ஆயுதப் படைகள் அனைத்திற்கும் தலைமை தாங்கியவர். எந்த நகரின் மீது எத்தனை குண்டுகள் என்னும் திட்டம் அவர் கையில் இருந்தது. அவரே 1996 டிசம்பரில், பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ அறுபது ஓய்வுபெற்ற தளபதிகளோடு சேர்ந்து, அணு ஆயுதங்களைக் குறைத்து முடிவில் ஒழிக்க வேண்டும் என்னும் அறிக்கையில் ஒப்பமிட்டார்.

அவ்வறிக்கையால் உலகம் மாறிவிட்டதா என்று கேட்கலாம். 1980களின் நடுவில் உலகில் அறுபதினாயிரத்துக்கும் மேல் இருந்த அணுகுண்டுகள் இன்று பன்னிரண்டாயிரத்தைச் சற்றே கடந்த அளவில் உள்ளன. இக்குறைவுக்கு முதற்காரணம் அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளே. அவ்வுடன்படிக்கைகளும் இன்று வலுவிழந்து வருகின்றன. எனினும் பெட்டகத்தின் சாவியை வைத்திருந்தவரே அதனுள் இருப்பது நஞ்சு என்று கூறியது வீணாகாது.

6. பணியில் இருந்தபோது ஏன் பேசவில்லை?

மாணவர்கள் உறுதியாகக் கேட்கும் வினா இது. ஊதியமும் பதக்கமும் பெற்றபின் அமைதி பேசுவது எளிதன்றோ என்பார்கள். நியாயமான வினாதான். விடை சட்டத்தில் இருக்கிறது.

நம் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திற்கு அளிக்கிறது. அதன் வழி வந்த படைச் சட்டங்களும் விதிகளும், பணியில் உள்ளவர் அனுமதியின்றி அரசியல் பேசுவதையும் இதழ்களுக்கு எழுதுவதையும் தடுக்கின்றன. இத்தடை குறையன்று. துப்பாக்கி ஏந்தியவர் அரசியல் பேசத் தொடங்கிய நாடுகளில் மக்களாட்சி என்ன ஆயிற்று என்பதை அண்டை நாடுகளின் வரலாறு காட்டும். மக்கள் தேர்ந்த அரசே போரையும் அமைதியையும் முடிவு செய்ய வேண்டும். படை அதற்குக் கீழ்ப்படிய வேண்டும்.

ஆகவே பணியில் உள்ள வீரருக்கு மௌனம் கடமை. பொலார்தியேர் அதை மீறியது, சித்திரவதை என்னும் குற்றத்திற்கு உடந்தையாகாதிருக்கவே. மீறியதற்குரிய தண்டனையையும் அவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர்கள் ஓய்வு வரை காத்திருந்தார்கள். அப்படியாயின் பணியிலுள்ள வீரருக்காகப் பேச வேண்டியவர்கள் யார்? எந்தத் தடையும் இல்லாத குடிமக்களாகிய நாமே. நாமோ என்ன செய்கிறோம்? அதுதான் அடுத்த பகுதி.

7. இம்சையும் இம்சையில் மகிழ்தலும்

இல்லறத்தார் செய்ய நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. பயிர்த்தொழில் முதலிய பிழைப்பில் நேர்வது உத்யோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் நாட்டையும் காக்க எதிர்த்து நிற்கும்போது நேர்வது விரோத இம்சை. அணுவிரதம் பூண்ட சிராவகர் முதலாவதை அறவே விடவேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். எல்லையைக் காக்கும் வீரரின் தொழில் நான்காம் வகையைச் சாரும். ஆதலால் தம் மகனோ பேரனோ படையில் சேர்ந்ததற்காக எந்தச் சமண இல்லமும் தலைகுனிய வேண்டுவதில்லை.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் தியான வகைகளைக் கூறுமிடத்து ரௌத்திர தியானம் என்பதைக் கூறுகிறது. அதன் முதல் வகை இம்சானந்தம், அதாவது பிறர்க்கு நேரும் துன்பத்தில் உள்ளம் மகிழ்தல். அடுத்தது மிருஷானந்தம், பொய்யில் மகிழ்தல். இவற்றுக்குக் கையில் ஆயுதம் வேண்டா. நாற்காலியில் சாய்ந்துகொண்டே செய்யலாம்.

2025 மே மாதத்து அந்த நான்கு இரவுகளை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சியில் உறுதிப்படாத வெற்றிச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுள் சில பின்னர்ப் பொய் என்று தெரிந்தன. எத்தனை இல்லங்களில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து மகிழ்ந்தோம்? கைப்பேசியில் எத்தனை பேருக்கு அனுப்பினோம்? எல்லையில் நின்ற வீரர் செய்தது விரோத இம்சை. வீட்டில் இருந்து நாம் செய்தது இம்சானந்தமும் மிருஷானந்தமும். வினை உள்ளத்தின் பாவத்தால் கட்டுகிறது என்பது நம் நெறியாயின், வேறு வழியின்றிச் சுட்ட வீரரினும், அதைக் கண்டு களித்த நாம் கட்டிக்கொண்ட வினை வன்மையானதாக இருக்கக் கூடுமன்றோ?

நரவணே அவர்கள் போர் திரைப்படமன்று என்று கூறியது அரசுக்கு மட்டும் உரியதன்று. பார்வையாளராகிய நமக்கே அது முதலில் உரியது. போர்க்களம் கண்டவர்கள் போரைக் காட்சியாகக் காண்பதில்லை. சொல்தாக்களின் மௌனத்திற்கும் ராம்தாஸ் அவர்களின் பேச்சுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரே அறிவுதான்.

8. இல்லத்தில் செய்யத்தக்கவை

போர்ச் செய்தி வரும் நாள்களில் மூன்று கட்டுப்பாடுகளைக் குடும்பமாக மேற்கொள்ளலாம். முதலாவது, குழந்தைகள் எதிரில் போர்க்காட்சிகளை ஓடவிடாதிருத்தல். அறிய வேண்டிய செய்தியை நாளிதழில் படித்துக்கொள்ளலாம். இரண்டாவது, உறுதிப்படாத செய்தியை ஒருவர்க்கும் அனுப்பாதிருத்தல். இது வாய்மை அணுவிரதத்தின் பகுதியே. மூன்றாவது, மாலைச் சாமாயிகத்தின்போது எல்லா உயிர்களிடத்தும் நட்பு என்னும் மைத்திரி பாவனையைச் செய்கையில், அந்த ‘எல்லா’ என்னும் சொல்லில் எல்லைக்கு அப்பாலுள்ள குழந்தைகளையும் சேர்த்து எண்ணுதல். மூன்றாவதே கடினம். கடினமாதலின் அதனை நாள்தோறும் பயில வேண்டும்.

சிந்திக்க:

1. பரதன், பாகுபலி வரலாற்றில் இரு பக்கத்து அமைச்சர்களும் படைப்போரை விலக்கக் கூறிய காரணம் யாது? இன்றைய அரசுகளுக்கு அது எவ்வாறு பொருந்தும்?

2. ஆணைக்குக் கீழ்ப்படிதலும் போரை விரும்பாதிருத்தலும் ஒருவரிடம் ஒருங்கே இருக்க இயலுமா? சான்று தருக.

3. விரோத இம்சைக்கும் இம்சானந்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

4. பணியில் உள்ள வீரர் பேசலாகாது. பேசத் தடையில்லாத நாம் அவருக்காக யாரிடம், எதைக் கூறலாம்?

விடைகளைக் குடும்பத்தோடு கூடிப் பேசிக் காண்க. நான்காம் வினாவிற்கு மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியே விடை எழுதிப் பார்ப்பது நன்று.

அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!